கொக்கிப்புழுவும் காசநோயும்: உழவர் குடும்பம் இழக்கும் உழைப்பு நாள்கள்



நெற்பயிரைக் குருத்துப்பூச்சி தாக்கினால் வெண்கதிர் தோன்றுகிறது. வாழையில் நூற்புழு மிகுந்தால் தார் தள்ளிய மரம் வேருடன் சாய்கிறது. ஏக்கருக்கு எத்தனை மூட்டை குறைந்தது, எத்தனை தார் போயிற்று என்று உடனே கணக்குச் சொல்லிவிடுகிறோம். நம் உடலில் தங்கி நம் உழைப்பைக் குறைக்கும் நோய்களுக்கு மட்டும் இத்தகைய கணக்கு எந்த வீட்டிலும் இல்லை. களை எடுக்கப் போனவர் நடுப்பகலில் வரப்பில் உட்கார்ந்துவிட்டால் 'அசதி' என்கிறோம். இருமிக்கொண்டே வரப்பு வெட்டுபவரைப் பார்த்தால் 'சளி' என்கிறோம். இந்த இரண்டு சொற்களுக்குள் எத்தனை நாள் கூலியும் எத்தனை மூட்டை மகசூலும் மறைந்து கிடக்கின்றன என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

ஒரு நோய் எவ்வளவு கொடியது என்பதை முன்பெல்லாம் அதனால் இறந்தவர் தொகையைக் கொண்டே அளந்தனர். 1993-ஆம் ஆண்டில் வெளியான உலக வங்கியின் உலக வளர்ச்சி அறிக்கை வேறோர் அளவுகோலைக் கொண்டுவந்தது. அகால மரணத்தால் இழந்த ஆண்டுகளையும், உயிருடன் இருந்தும் நோயினால் நலங்குன்றிக் கழிந்த ஆண்டுகளையும் சேர்த்துக் கணக்கிடும் முறை அது. இதனை 'நோய்ச்சுமை' என்பர். இந்த முறையில் பார்த்தால் கொக்கிப்புழுவின் உண்மை உருவம் தெரியும். அது ஆளைக் கொல்வது அரிது; ஆனால் ஆண்டுக்கணக்கில் ஆளை அரை ஆளாக்கி வைத்திருக்கும். காசநோயோ உழைப்பையும் கெடுக்கிறது, கவனிக்காவிட்டால் உயிரையும் வாங்குகிறது. ஒன்று நம் மண்ணில் வாழ்வது. மற்றது நம் வீட்டுக் காற்றில் பரவுவது. இரண்டையும் கண்டுபிடிக்கும் பரிசோதனை எளிது. இரண்டுக்கும் மருந்து அரசு மருத்துவ நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கிறது. இருந்தும் இவை நம்மிடையே நீடிப்பதற்கு, இவற்றை நோய் என்றே நாம் கருதாமல் இருப்பது ஒரு பெருங்காரணம்.

கொக்கிப்புழுவின் வாழ்க்கை

வயிற்றில் பூச்சி என்று நாம் பொதுவாகச் சொல்பவற்றில் பல வகை உண்டு. குழந்தைகளின் மலத்தில் மண்புழுபோல நீண்டு வெளிவருவது உருளைப்புழு. இதனை நாக்குப்பூச்சி என்றும் சொல்வதுண்டு. கொக்கிப்புழு அப்படிக் கண்ணில் படுவதில்லை. அதன் நீளம் சுமார் 1 செ.மீ. தான். சிறுகுடலின் உட்சுவரைக் கவ்விக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சி வாழ்கிறது. மனிதரைத் தாக்குவதில் முக்கியமான வகைகள் இரண்டு: நெகேட்டர் அமெரிக்கானஸ், ஆன்கைலோஸ்டோமா டியோடினேல். நம் நாட்டில் இரண்டுமே உண்டு.

பெண் புழு ஒன்று நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான முட்டைகளை இடுகிறது. அவை மலத்துடன் வெளியேறி, நிழலும் ஈரமும் உள்ள மண்ணில் விழுந்தால் ஓரிரு நாளில் பொரிக்கின்றன. 5 முதல் 10 நாள்களில் இளம்புழு தோலைத் துளைக்கும் பருவத்தை அடைகிறது. சூழ்நிலை ஒத்துவந்தால் 3 முதல் 4 வாரங்கள் வரை மண்ணிலேயே ஆளுக்காகக் காத்திருக்கும். வெறுங்காலுடன் ஒருவர் அங்கே நின்றால் போதும். விரலிடுக்கு வழியாக உள்ளே புகுந்துவிடும். புகுந்த இடத்தில் சில நாள்கள் அரிப்பும் சிறு கொப்புளங்களும் இருக்கும். (நடவுக் காலத்தில் வரும் சேற்றுப்புண் எல்லாம் இதனால் வருவதல்ல; அது பெரும்பாலும் வேறு.)

தோல் வழியாகப் புழு நுழையும் என்பதை முதன்முதலில் அறிந்தவர் ஆர்தர் லூஸ் என்ற ஜெர்மானிய அறிஞர். எகிப்தின் கெய்ரோ நகரில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தபோது இளம்புழுக்கள் நிறைந்த நீர் அவர் கைமேல் சிந்தியது. சிந்திய இடம் அரித்தது. சில வாரங்கள் கழித்து அவருடைய மலத்திலேயே கொக்கிப்புழு முட்டைகள் காணப்பட்டன. 1898-இல் இதனை அவர் வெளியிட்டபோது பலர் நம்பவில்லை. புழு வாய் வழியாகத்தான் வயிற்றுக்குப் போகும் என்ற எண்ணம் அக்காலத்து மருத்துவர்களிடமே ஊறிப்போயிருந்தது.

காலில் நுழைந்த புழு குடலுக்கு எப்படிப் போகிறது என்ற கேள்வி எழலாம். இரத்த ஓட்டத்துடன் கலந்து இதயத்துக்கும், அங்கிருந்து நுரையீரலுக்கும் செல்கிறது. நுரையீரலின் காற்றறைகளைத் துளைத்து மூச்சுக்குழாய் வழியே மேலேறித் தொண்டைக்கு வருகிறது. அங்கே எச்சிலுடன் விழுங்கப்பட்டுக் குடலை அடைகிறது. காலில் நுழைந்ததிலிருந்து முட்டையிடும் வரை ஐந்து வாரமோ அதற்கு மேலோ ஆகும். பிறகு ஓரிரு ஆண்டுகள், சில வேளைகளில் அதற்கும் மேலாக, குடலில் தங்கியிருக்கும்.

எந்த நிலத்தில் ஆபத்து மிகுதி?

வயலில் வேலை செய்தாலே புழு ஏறிவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. நீர் தேங்கி நிற்கும் நடவு வயலில் இதன் முட்டை சரியாக வளர்வதில்லை. வெயிலில் காய்ந்து வெடித்த கரிசலும் இதற்கு ஒவ்வாது. மணல் கலந்த, காற்றோட்டமுள்ள, ஈரமான நிழல் மண்ணே இதற்கு உகந்தது. அதாவது, வாழைத் தோட்டம், தென்னந்தோப்பு, வெற்றிலைக் கொடிக்கால், காப்பி, தேயிலைத் தோட்டம், வாய்க்கால் கரைப் புதர்கள். இவையே ஊரார் ஒதுங்கும் இடங்களாகவும் இருப்பதுதான் சங்கடம். மறைவு வேண்டும் என்று ஆள் தேடும் இடமும், நிழல் வேண்டும் என்று புழு தேடும் இடமும் ஒன்றாகிவிடுகின்றன. இன்று ஒருவர் ஒதுங்கிய இடத்தில் பத்து நாள் கழித்து மற்றொருவர் வெறுங்காலுடன் வந்து நிற்கிறார். ஊர் முழுவதும் பரவ இதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை.

தோட்டத்துக்குப் பாய்ச்சல் மிகுந்து நிழல் கூடக்கூட இந்த ஆபத்தும் கூடும் என்பதைக் கிணற்றுப் பாசன உழவர்கள் நினைவில் கொள்வது நல்லது.

நாள்தோறும் போகும் இரத்தம்

இனி கணக்குக்கு வருவோம். நெகேட்டர் வகைப் புழு ஒன்று நாளொன்றுக்குச் சுமார் 0.03 மி.லி. இரத்தத்தைப் போக்குகிறது. துளியிலும் குறைவு. ஆனால் குடலில் 100 புழுக்கள் இருந்தால் நாளொன்றுக்கு 3 மி.லி., மாதத்துக்கு 90 மி.லி., ஆண்டுக்கு ஒரு லிட்டருக்கும் மேல். ஓர் ஆளின் உடலில் உள்ள மொத்த இரத்தமே ஏறத்தாழ 5 லிட்டர்தான். ஆன்கைலோஸ்டோமா வகையோ இதைப் போல் ஐந்து மடங்கும் அதற்கு மேலும் உறிஞ்சக்கூடியது.

இரத்தம் மீண்டும் ஊறும் என்பது உண்மையே. ஆனால் அது ஊற இரும்புச்சத்து வேண்டும். 3 மி.லி. இரத்தத்தில் சுமார் 1.5 மி.கி. இரும்பு இருக்கிறது. அதில் ஒரு பகுதி குடலில் மீண்டும் உறிஞ்சப்பட்டாலும், அரிசிச் சோற்றையே பெரிதும் உண்ணும் ஒருவரின் உடல் உணவிலிருந்து நாளொன்றுக்கு 1 மி.கி. அளவே இரும்பை எடுத்துக்கொள்கிறது. வரவைவிடச் செலவு கூடுதல். கிணற்றில் ஊற்றைவிட இறைப்பு மிகுந்தால் என்ன ஆகுமோ அதுவே இரத்தத்திலும் ஆகிறது. இதைத்தான் இரத்தசோகை என்கிறோம்.

பெண்களுக்கு மாதவிலக்கிலும் பேறுகாலத்திலும் ஏற்கெனவே இரத்த இழப்பு உண்டு. அதன் மேல் புழுவும் சேர்ந்தால் உடல் தாங்காது. 2019-21 ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேர் சோகையுள்ளவர்கள். தமிழகத்தில் நூற்றுக்கு 53 பேர். இவை அனைத்துக்கும் கொக்கிப்புழுவே காரணம் என்று சொல்ல முடியாது. உணவில் குறை, அடுத்தடுத்த பிள்ளைப்பேறு போன்ற காரணங்களும் உள்ளன. ஆயினும் தோட்ட வேலைக்கு வெறுங்காலுடன் செல்லும் பெண்ணுக்குச் சோகை இருந்தால் புழுவை நினைக்காமல் இருப்பது தவறு. கர்ப்பிணிகள் சாம்பல், மண், செங்கல் துண்டு, பச்சரிசி ஆகியவற்றைத் தின்ன விரும்புவதை மசக்கை என்று சிரித்துவிட்டு விடுகிறோம். அது சோகையின் அடையாளமாகவும் இருக்கலாம். மாமியார்களும் நாத்தனார்களும் இதைக் கவனித்து, இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்வது நலம்.

சோகை வேலையை எவ்வளவு பாதிக்கிறது? இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் பெண்களிடம் நடத்தப்பட்டு 1979-இல் வெளியான ஆய்வு ஒன்று இதற்கு விடை தருகிறது. இரும்புச்சத்து கொடுக்கப்பட்ட பெண்கள், கொடுக்கப்படாதவர்களைவிடக் கூடுதலாகக் கொழுந்து பறித்தனர். யாருக்கு இரத்தம் மிகக் குறைவாக இருந்ததோ அவர்களிடமே முன்னேற்றம் நன்றாகத் தெரிந்தது. கொழுந்துக்கு எடை போட்டுக் கூலி தருவதால் அங்கே அளக்க முடிந்தது. நம் களை வெட்டையும் கதிர் அறுப்பையும் யார் எடை போடுகிறார்கள்? ஒரு குடும்பத்தில் கணவனும் மனைவியும் அசதியால் மாதத்துக்கு ஆளுக்கு மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 72 ஆள் நாள்கள். ஒரு போகத்துக்குச் செலவாகும் கூலியாட்களின் கணக்கை வைத்து இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆட்டுக்குச் செய்வது ஆளுக்கு இல்லை

செம்மறி ஆடு வைத்திருப்பவர்களுக்கு இந்த நோயைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஆட்டின் வயிற்றில் இரத்தம் குடிக்கும் புழு சேர்ந்தால் தாடைக்கீழ் வீங்குகிறது. கீழ் இமையைத் திருப்பிப் பார்த்தால் வெளுத்திருக்கிறது. உடனே குடற்புழு நீக்க மருந்து கொடுக்கிறோம். மழைக்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை என்று காலம் தவறாமல் கொடுப்பவர்களும் உண்டு. அதே வீட்டில் ஆடு மேய்ப்பவரின் கீழ் இமையை யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை.

மனிதருக்கும் மருந்து ஒன்றே: அல்பென்டசோல் 400 மி.கி. மாத்திரை ஒன்று, ஒரே வேளை. குடலில் உள்ள கொக்கிப்புழுக்களில் பெரும்பகுதி இதனால் நீங்கிவிடும். 1 முதல் 2 வயதுக் குழந்தைக்கு இதில் பாதி. கர்ப்பமான முதல் மூன்று மாதங்களில் இதனை உட்கொள்ளலாகாது. அதன் பிறகும் மருத்துவர் சொன்னால் மட்டுமே உட்கொள்ள வேண்டும். ஆட்டுக்கு வாங்கிய மருந்துப் புட்டியிலிருந்து தாமும் ஒரு மூடி குடிப்பவர்கள் இருக்கிறார்கள். பெயர் ஒன்றாயினும் அது கால்நடைக்கென்று தயாரிக்கப்பட்டது, அளவும் வேறு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை இலவசமாகக் கிடைக்கும்போது இந்த விபரீதம் எதற்கு?

1 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கு 2015-ஆம் ஆண்டு முதல் தேசியக் குடற்புழு நீக்க நாளில் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் இம்மாத்திரை வழங்கப்படுகிறது. அன்று பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பத் தவறாதீர்கள். ஆனால் இதில் ஒரு செய்தி கவனிக்கத்தக்கது. உருளைப்புழு சிறுவர்களிடம் மிகுதி. கொக்கிப்புழுவோ பெரியவர்களிடமே மிகுதியாகச் சேர்கிறது. பிள்ளைகளுக்கு மட்டும் மாத்திரை கொடுத்தால் தாய் தந்தையரின் குடலில் உள்ள புழு முட்டையிட்டுக்கொண்டே இருக்கும். ஊரில் உள்ள அனைவருக்கும் ஆண்டுக்கு இருமுறை கொடுத்தால் பரவலையே நிறுத்த முடியுமா என்பதை ஆராய, 2017-இல் தொடங்கி வட தமிழகத்தில் திமிரி, ஜவ்வாதுமலைப் பகுதிகளிலும், ஆப்பிரிக்காவில் பெனின், மலாவி நாடுகளிலும் பெரிய அளவில் ஆய்வு நடத்தப்பட்டது. நம் அளவில் செய்யக்கூடியது எளிது: சுகாதார நிலையத்துக்குச் செல்லும்போது பெரியவர்களும் மலப் பரிசோதனையும் இரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும்.

இரத்தத்தில் ஹீமோகுளோபின் ஆண்களுக்கு 13 கிராமுக்கும், பெண்களுக்கு 12 கிராமுக்கும், கர்ப்பிணிகளுக்கு 11 கிராமுக்கும் குறைந்தால் சோகை எனக் கொள்வர். புழுவை நீக்கியதும் இரத்தம் தானே ஊறிவிடாது. இழந்த இரும்பை ஈடுசெய்ய மருத்துவர் தரும் இரும்புச்சத்து மாத்திரையைச் சில மாதங்கள் தொடர்ந்து உட்கொள்ள வேண்டும். மலம் கறுப்பாகப் போவதைக் கண்டு பயந்து நிறுத்துபவர்கள் பலர். அது மாத்திரையின் இயல்பே. தேநீர், காப்பியுடன் இம்மாத்திரையைச் சாப்பிட்டால் சத்து உடலில் சேராது. எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காயுடன் சேர்த்தால் நன்கு சேரும்.

மருந்து மட்டும் கொடுத்தால்

தமிழகத்திலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர்களிடையே ஒரு காலத்தில் கொக்கிப்புழு நோய் மிகுந்திருந்தது. 1916-இல் ராக்பெல்லர் அறநிறுவனம் அங்கே மருந்து கொடுக்கும் இயக்கத்தைத் தொடங்கியது. மருந்து குடித்தவர் உடலிலிருந்து புழு வெளியேறியது. ஆனால் லயங்களைச் சுற்றிப் போதிய கழிப்பிடம் கட்டப்படாத தோட்டங்களில், அதே தொழிலாளர்கள் அதே மண்ணில் மிதித்து மீண்டும் புழுவை ஏற்றிக்கொண்டனர். களையை மேலாக வெட்டிவிட்டுக் கோரைக் கிழங்கை மண்ணிலேயே விட்டதற்கு ஒப்பானது இது.

ஆகவே கழிப்பறை வேண்டும். இருந்தால் மட்டும் போதாது, வீட்டிலுள்ள ஆண்களும் அதனைப் பயன்படுத்த வேண்டும். பெண்களுக்கென்று கட்டிவிட்டுத் தாம் மட்டும் தோப்புப் பக்கம் போகும் குடும்பத் தலைவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் தோப்பில் விதைப்பதை அவர்கள் வீட்டுப் பெண்களே தேங்காய் பொறுக்கும்போது காலில் ஏற்றிக்கொள்கிறார்கள்.

புதிதாகக் கட்டுவோருக்கு இரட்டைக் குழிக் கழிப்பறை உகந்தது. ஒரு குழி நிறைந்ததும் இடையில் உள்ள சிறு தொட்டியில் அடைப்பை மாற்றி அடுத்த குழிக்குத் திருப்பிவிட வேண்டும். நிறைந்த குழியை இரண்டு ஆண்டுகள் மூடி வைத்தால் உள்ளே உள்ளது மக்கி, நாற்றமற்ற கருமண்ணாகிவிடும். புழு முட்டைகளும் அழிந்துவிடும். இதனைத் தென்னைக்கும் மற்ற மரப்பயிர்களுக்கும் எருவாக இடலாம். குடிநீர்க் கிணற்றிலிருந்து குறைந்தது 10 மீட்டர் தள்ளியே குழி அமைய வேண்டும்.

ஊரில் கழிவுநீர்த் தொட்டிகளைச் சுத்தம் செய்யும் லாரிக்காரர்கள், 'நல்ல உரம்' என்று சொல்லி அதனை வயலில் கொட்டிவிட்டுப் போவதை அனுமதிக்காதீர்கள். மக்காத மலக் கழிவில் கொக்கிப்புழு முட்டையும் உண்டு, உருளைப்புழு முட்டையும் உண்டு. உருளைப்புழு முட்டை மண்ணில் ஆண்டுக்கணக்கில் கெடாமல் கிடக்கும். அந்த நிலத்தில் கீரை விதைத்தால் புழு சந்தைக்கே போய்விடுகிறது.

செருப்பு பற்றி ஒரு வார்த்தை. நடவு வயலில் செருப்புப் போட முடியாது. போடச் சொல்லுவதும் இல்லை. தோட்டத்திலும் தோப்பிலும் கொடிக்காலிலும், ஒதுங்கும் இடத்திலும் போட்டால் போதும். கொடிக்காலில் செருப்புடன் நுழையும் வழக்கம் இல்லாத ஊர்களில், அங்குள்ளோர் கொடிக்காலையும் அதன் ஓரங்களையும் மலம் கழிக்கப் பயன்படுத்தாமல் காப்பதே வழி.

நெஞ்சில் தங்கும் நோய்கள்

இளம்புழுக்கள் நுரையீரல் வழியே பயணம் செய்யும் நாள்களில் சிலருக்கு வறட்டு இருமல் வரும். அது சில நாள்களில் தானே அடங்கிவிடும். இரவில் மட்டும் கடுமையாக இருமி, நெஞ்சில் இழைப்புக் கண்டு வாரக்கணக்கில் தூக்கம் கெடுபவர்கள் வேறு. யானைக்கால் நோய்ப் புழுக்கள் நுரையீரலில் உண்டாக்கும் ஒவ்வாமையாலும் இப்படி வரலாம். ஆண்களிடம் இது மிகுதி. ஆஸ்துமா என்றோ காசநோய் என்றோ தவறாக எண்ணி ஆண்டுக்கணக்கில் அலைவோர் உண்டு. இரத்தத்தில் ஈசினோபில் அணுக்களை எண்ணிப் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். டைஎத்தில்கார்பமசின் மாத்திரையை மூன்று வாரம் உட்கொண்டால் பெரும்பாலோர்க்குக் குணமாகும்.

இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமல் எதுவானாலும் முதலில் காசநோயா என்று பார்த்துவிட வேண்டும். மாலையில் காய்ச்சல், இரவில் வியர்வை, பசியின்மை, எடை குறைதல், சளியில் இரத்தம் ஆகியவை இருந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. இந்நோயின் கிருமியை 1882 மார்ச் 24 அன்று ராபர்ட் கோக் உலகுக்கு அறிவித்தார். அதன் பிறகு ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியும், 2023-இல் உலகில் சுமார் 1 கோடியே 8 இலட்சம் பேருக்குப் புதிதாக இந்நோய் வந்ததாகவும், சுமார் 12.5 இலட்சம் பேர் இறந்ததாகவும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. நோய் வந்தவர்களில் நூற்றுக்கு 26 பேர் இந்தியர்.

சளி இருமல் என்று மருந்துக் கடையில் ஒரு மாதம், நாட்டு மருந்து ஒரு மாதம், அறுவடை முடியட்டும் என்று ஒரு மாதம் - இப்படிக் காலம் கடத்துவதே நம்மிடம் உள்ள பெருங்குறை. அதற்குள் நோயாளியின் நுரையீரல் அரிக்கப்படுகிறது. ஒரே அறையில் உறங்கும் குழந்தைகளுக்கும் கிருமி போய்ச் சேர்கிறது. தட்டு, தம்ளரைத் தனியாக வைத்துவிட்டால் தொற்றாது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. இது காற்றில் பரவும் நோய். தட்டைப் பிரித்து நோயாளியின் மனத்தை நோகடிப்பதைவிடச் சன்னலைத் திறந்து வைப்பது பயன் தரும். இருமும்போது வாயைத் துணியால் மூடிக்கொள்ள வேண்டும்.

காசநோய் வந்தால் மருத்துவமனையில் படுத்துவிட வேண்டும், நிலத்தை யார் பார்ப்பது என்ற பயத்தால் நோயை மறைப்பவர்கள் உண்டு. இந்தப் பயத்துக்கு விடை நம் சென்னையிலேயே கிடைத்தது. 1956-இல் அங்கு நிறுவப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், நோயாளிகளில் ஒரு பகுதியினரை மருத்துவமனையிலும் மற்றவர்களை வீட்டிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. வீட்டில் இருந்தவர்களுக்கு உணவும் குறைவு, ஓய்வும் குறைவு, இடமும் நெருக்கடி. அப்படியிருந்தும் குணமடைந்தோர் விகிதத்தில் பெரிய வேறுபாடு இல்லை. வீட்டாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959-இல் வெளியான இந்த முடிவு உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையின் போக்கையே மாற்றியது. குணப்படுத்துவது கட்டில் அல்ல, தவறாமல் உட்கொள்ளும் மருந்து என்பது அன்று உறுதியாயிற்று. அம்மையமே இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக விளங்குகிறது.

ஆனால் மிகவும் மெலிந்தவர்கள், நிற்க முடியாதவர்கள், மூச்சுத் திணறுபவர்கள், கால் வீங்கியவர்கள் ஆகியோரைத் தொடக்கத்தில் மருத்துவமனையில் சேர்த்தே ஆக வேண்டும். இறப்புகளில் பெரும்பகுதி சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதங்களிலேயே நேர்கிறது. தமிழகத்தில் 2022-இல் தொடங்கப்பட்ட காசநோய் இறப்பில்லாத் திட்டம், நோய் கண்டறியப்பட்ட உடனே இத்தகையோரைப் பிரித்தறிந்து சேர்ப்பதற்காகவே ஏற்பட்டது.

சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாதச் சிகிச்சை. முதல் இரண்டு மாதங்கள் ஐசோனியசிட், ரிபாம்பிசின், பைரசினமைட், எதாம்பியூட்டால் என்ற நான்கு மருந்துகள் சேர்ந்த மாத்திரை. அடுத்த நான்கு மாதங்கள் பைரசினமைட் நீங்கலாக மற்ற மூன்றும். நாள்தோறும், எடைக்கேற்ற அளவில். சிறுநீர் செந்நிறமாகப் போவது ரிபாம்பிசினால் வருவது, பயப்பட வேண்டாம். கண் மஞ்சளானாலோ பார்வை மங்கினாலோ உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஆபத்தான கட்டம் இரண்டாம் மாதம். அப்போது இருமல் நிற்கிறது, பசி எடுக்கிறது, எடை கூடுகிறது. குணமாகிவிட்டது என்று நினைத்து நாற்றங்கால் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். மருந்தை அரைகுறையாக அடித்தால் பூச்சி எதிர்ப்புச் சக்தி பெற்று அடுத்த தடவை எந்த மருந்துக்கும் சாகாததைப் பருத்திக் காட்டில் கண்டிருக்கிறோம். கிருமியும் அப்படியே. மருந்துக்கு அடங்காத காசநோய்க்குச் சிகிச்சை கடினம். உயிர் அபாயமும் கூடுதல். அவரிடமிருந்து பிறருக்குத் தொற்றுவதும் அந்த அடங்காத கிருமியே.

உணவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜார்க்கண்ட் மாநிலத்தில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வில், நோயாளியுடன் வாழும் குடும்பத்தினருக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் 1.5 கிலோ பருப்பும் நுண்சத்துக்களும் கொடுக்கப்பட்டன. அவை கொடுக்கப்படாத குடும்பங்களைவிட அவர்களிடையே புதிதாகக் காசநோய் வருவது ஏறத்தாழ நூற்றுக்கு 40 பங்கு குறைந்தது. ஆளுக்கு ஒன்றரைக் கிலோ பருப்பு என்பது உளுந்தும் துவரையும் விளைவிக்கும் வீட்டுக்குப் பெரிய அளவன்று. களத்திலிருந்தே எல்லா மூட்டையும் வியாபாரிக்குப் போகாமல் வீட்டுக்கு வேண்டியதை முதலில் எடுத்து வைக்கலாம். சிகிச்சைக் காலத்தில் நோயாளியின் உணவுக்காக அரசு வழங்கும் உதவித்தொகை 2024 நவம்பர் முதல் மாதம் 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டுள்ளது. வங்கிக் கணக்கு விவரத்தைச் சுகாதார நிலையத்தில் கொடுத்துப் பெற்றுக்கொள்ள வேண்டும். உடன் வாழ்பவர்கள் அனைவரையும், குறிப்பாக 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளையும் நீரிழிவு நோயுள்ளோரையும், பரிசோதனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். நோய் இல்லை என்று தெரிந்தால் தடுப்பு மாத்திரை தருவார்கள்.

சளிப் பரிசோதனைக்குச் செல்பவர்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு. எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் கிருமி இருந்தும் இல்லை என்றே முடிவு வரும். காலையில் எழுந்ததும் வாயைத் தண்ணீரால் கொப்பளித்து, இரண்டு மூன்று தடவை ஆழமாக மூச்சை இழுத்து, அடி நெஞ்சிலிருந்து இருமிச் சளியை எடுக்க வேண்டும். இதனை வீட்டுக்குள் செய்யாமல் வெளியே திறந்த வெளியில், அருகில் யாரும் இல்லாதபோது செய்ய வேண்டும். சுகாதார நிலையத்தில் கொடுத்த டப்பாவில் மட்டுமே சளியைச் சேகரித்து, மூடியை இறுக மூடி, வெயில் படாமல் அன்றே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கிருமியின் மரபுப் பொருளைக் கண்டறியும் கருவி உள்ள இடங்களில், நோய் உண்டா என்பதுடன் ரிபாம்பிசின் மருந்துக்கு அது அடங்குமா என்பதும் சில மணி நேரத்தில் தெரிந்துவிடும். அதே நாளில் கொக்கிப்புழுவுக்கான மலப் பரிசோதனையையும் ஹீமோகுளோபின் பரிசோதனையையும் கேட்டுச் செய்துகொண்டால், இன்னொரு நாள் வேலையை விட்டு வர வேண்டியிருக்காது.